மில்லுக்காரரும் ஆர்.பி.எம். மீட்டரும்

காரில் கெட்டுப்போனதைச் சரிசெய்வதைவிட, அதில் பிறந்ததிலிருந்தே இல்லாத ஒன்றைப் புதிதாக மாட்டிக்கொடுப்பது மூன்று மடங்கு வாய் வலிக்கிற வேலை. திண்டுக்கல் நத்தம் ரோட்டில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். செல்ஃப் எடுக்கவில்லை, ஹாரன் அடிக்கவில்லை என்று வருகிறவர்களோடு எனக்கு ஒரு வம்பும் வந்ததில்லை. பழைய காரைக் கொண்டுவந்து நிறுத்தி, "இதுக்கு ஆர்.பி.எம். மீட்டர் மாட்டணும்" என்கிறார்களே, அவர்களைக் கண்டால்தான் எனக்குப் பிரஷர் ஏறுகிறது.

இன்ஜின் ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று முள்ளால் காட்டுகிற சமாச்சாரம் அது. புது வண்டிகளில் கம்பெனியிலிருந்தே வந்துவிடுகிறது. பழைய வண்டிகள் அது இல்லாமலே முப்பது நாற்பது வருஷம் ஓடிவிட்டன. இனிமேல் எதற்கு என்று கேட்கக் கூடாது, கேட்டால் கோபம் வரும். டெஸ்டரும் ஸ்பானரும் பிடித்துப் பிழைக்கிற என் இனத்தாரே, நீங்களும் பட்டிருப்பீர்கள், கேளுங்கள்.

நின்ற இடத்தில் சுற்றுவது

நத்தத்திலிருந்து ஒரு மாந்தோப்புக்காரர் வந்தார். மீட்டரை அவரே ஆன்லைனில் வாங்கி, பிரிக்காத பெட்டியோடு கொண்டுவந்திருந்தார். ஒரு மணி நேரம் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்து மாட்டிக்கொடுத்தேன். ஓட்டிப் பார்க்கப் போனவர் பத்தே நிமிஷத்தில் திரும்பிவந்து, வண்டி நாற்பதில் போகிறது, இது மூன்று என்று காட்டுகிறது, சரக்கு டூப்ளிகேட் என்று குதித்தார்.

அது வேகம் இல்லை, இன்ஜினின் சுற்று, மூன்று என்றால் மூவாயிரம், வண்டி நின்றுகொண்டிருந்தாலும் எண்ணூறு காட்டும் என்று தொண்டைத் தண்ணீர் வற்ற விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்த நேரத்தில் சொன்னார்: "நின்ன எடத்துலயே நிமிசத்துக்கு எண்ணூறு சுத்தா? எங்க வீட்டு மருமகப்புள்ள மாதிரில்ல இருக்கு!"

சத்தம் முன்னே, கார் பின்னே

அவரையாவது அன்றைக்கே அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் வந்தவர் என்னை ஒரு மாசம் பிடித்துக்கொண்டார். முதலில் ஓர் அலறல் வந்தது. செத்த நேரம் கழித்துத்தான் கார் வந்தது, அதுவும் முதல் கியரில். சித்தையன்கோட்டைப் பக்கம் முப்பது வருஷம் ரைஸ் மில் நடத்தியவர். மில் இரைச்சலிலேயே நின்று இரண்டு காதும் போய்விட்டன. காது மெஷினைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்திருப்பார், மாட்டினால் கொய்ங் என்கிறதாம்.

இன்ஜின் சத்தம் கேட்காததால், கிளட்சை விடும்போது ஆக்சிலேட்டரை அளவு தெரியாமல் மிதித்துவிடுகிறார். ஒரே வருஷத்தில் இரண்டு கிளட்ச் பிளேட் கருகிவிட்டது. மூன்றாவதும் கருகினால் காரை விற்றுவிடப்போவதாக, ஒட்டன்சத்திரத்தில் வாக்கப்பட்ட அவர் மகள் செல்வி சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் சம்சாரம் பாக்கியத்தம்மாளுக்கு முழங்கால் மடங்காது, பஸ் படி ஏற முடியாது. வைத்தியத்துக்குத் திண்டுக்கல் வருவது, கோயிலுக்குப் போவது, அக்காவைப் பார்ப்பது எல்லாமே அந்தக் காரில்தான். கார் போனால் அந்த அம்மாள் வாசலைத் தாண்ட முடியாது. காது பார்த்த வேலையைக் கண் பார்க்கட்டும் என்றுதான் மீட்டர் கேட்டு வந்திருந்தார்.

இதையெல்லாம் அவரிடமிருந்து வாங்குவதற்குள் நான் கத்திய கத்தலில் எதிர்ச்சாரி டீக்கடையில் டீ குடித்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். மில்லுக்காரர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "ஏன் அப்பு கத்துற? கேக்காதுன்னா கேக்காதுதான். நீ மெதுவாப் பேசினாலும் கேக்காது."

அன்றிலிருந்து பேட்டரி அட்டைப்பெட்டியைக் கிழித்து அதில் எழுதிக் காட்ட ஆரம்பித்தேன்.

முருகனுக்குக் கீழே

டேஷ்போர்டில் இடமே இல்லை. பிள்ளையார், முருகன், மாரியம்மன், பிளாஸ்டிக் ரோஜாச் சரம், பேரன் பேத்தி போட்டோ என்று கூட்டம். யாரையும் நகர்த்தக் கூடாது என்று, கூட வந்திருந்த பாக்கியத்தம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சரி, சாமிக்கு எதற்கு இடைஞ்சல் என்று ஸ்டியரிங்குக்குப் பின்னால், ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேராக கிளாம்ப் போட்டு முறுக்கினேன். வேலை முடிந்து கையைத் துடைத்தபோது, இடது பக்க சீட்டில் இருந்த அந்த அம்மாள், தனக்குத் தெரியவில்லை என்றார். ஓட்டுகிறவர் அவர், உங்களுக்கு எதற்குத் தெரிய வேண்டும் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

எல்லாவற்றையும் கழற்றி, நடுவில் முருகனுக்குக் கீழே மறுபடி மாட்டினேன். அன்றைக்கு வாசலில் இரண்டு லாரிக்காரர்கள் வேறு காத்துக்கொண்டு நச்சரித்தார்கள். வண்டியை எடுக்கும்போது முள் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டக் கூடாது, இரண்டாயிரத்து ஐந்நூறு வந்தால் கியர் மாற்றணும் என்று அட்டையில் எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கிப் பார்த்துவிட்டு பாக்கியத்தம்மாள் சொன்னார்: "அவரு ரோட்டப் பாக்கட்டும் தம்பி, முள்ள நான் பாத்துக்கறேன். ரெண்டையும் ஒரே ஆளு பாத்தா வண்டி கம்மாய்க்குள்ளதான் போகும்."

குங்குமப் பொட்டு

மூன்றாம் நாள் வைத்தியத்துக்கு வந்தவர்கள் கடையிலும் நின்றார்கள். பார்த்தால், புது மீட்டர் கண்ணாடியில் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு. எனக்குச் சுருக்கென்றது. புதுச் சாமான் எது வந்தாலும் பொட்டு வைக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்பீக்கருக்கு வைக்கலாம், ஸ்டெப்னிக்கு வைக்கலாம். படித்துப் பார்க்க வேண்டிய நம்பர் மேலேயே அப்பினால் என்ன செய்வது? பேசாமல் துணியை எடுத்துத் துடைக்கப் போனேன். கையில் பட்டென்று ஓர் அடி போட்டார் பாக்கியத்தம்மாள்.

"அது சாமிக்கு வச்ச பொட்டு இல்ல தம்பி. பொடி எழுத்து எனக்கு எங்க தெரியுது? முள்ளு பொட்டத் தொட்டா இவரு தோளத் தட்டுவேன், கியர் மாத்துவாரு."

பொய் சொல்லும் முள்

அதற்கு அடுத்த வாரம் வந்தார்கள். காருக்கு முன்னால் வாடை வந்தது. கிளட்ச் கருகுகிற வாடை இருக்கிறதே, ஒரு தடவை முகர்ந்தவன் மறக்க மாட்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வண்டி கத்துகிறது, ஆனால் முள் பொட்டுக்கிட்டேயே வரமாட்டேன் என்கிறது என்றார் பாக்கியத்தம்மாள். மில்லுக்காரர் ஒரு படி மேலே போய், மீட்டர் பொய் சொல்கிறது என்றார். மீட்டர் புதுசு, ஓட்டுகிறதுதான் சரியில்லை என்று அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டுக் காட்டினேன்.

அவர் கோபப்படவில்லை. வண்டியை நிற்க வைத்து ஓடவிட்டு, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார். "முள்ளு நானூறுங்குது. இது எண்ணூறு அப்பு" என்றார். சும்மா இருங்கள் என்று சைகை காட்டினேன். கையை எடுக்காமல் அப்படியே நின்றார். அவர் வாயை அடைக்கிறதற்காகவே மீட்டரைக் கழற்றித் திருப்பினேன்.

பின்பக்கம் ஒரு குட்டி ஸ்விட்ச். நாலு, ஆறு, எட்டு என்று மூன்று நிலை. இன்ஜினில் எத்தனை சிலிண்டரோ அதில் வைக்க வேண்டும். அவர் காருக்கு நாலு சிலிண்டர். ஸ்விட்ச் எட்டில் இருந்தது. மாட்டும்போது நான் அதைப் பார்க்கவே இல்லை. எட்டில் இருந்தால் முள் சரிபாதிதான் காட்டும். ஆயிரத்து ஐந்நூறு என்று நான் எழுதிக்கொடுத்ததை நம்பி, அந்த மனுஷன் பத்து நாளாக மூவாயிரத்தில் கிளட்சை விட்டுக் கருக்கிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த அம்மாளின் காரையே நான்தான் விற்க வைத்திருப்பேன். வெட்கமாகப் போய்விட்டது. பக்கத்துக் கடை மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிளேட்டில் இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

தப்பு என்னுடையது என்று எழுதிக் காட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். கையிலேயே தெரிகிறதென்றால் மீட்டர் எதற்கு என்றும் எழுதினேன். மில்லுக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்: "நிக்கிற வண்டியத் தொட்டுச் சொல்லிருவேன். ஓடுற வண்டியில பானெட்டு மேல எப்படி அப்பு கை வைக்கிறது?"

ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சை

கருகின வாடை ஒட்டன்சத்திரம் வரை எட்ட இரண்டு வாரம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை செல்வி அப்பா அம்மாவோடு கடைக்கே வந்து இறங்கினார். பள்ளிக்கூட டீச்சர். "ஏனுங்க, நீங்க மாட்டுன மீட்டர்லதான் இப்படி ஆச்சுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? இப்போது சரியாக இருக்கிறது, ஒரே ஒரு தடவை கூட உட்கார்ந்து பாருங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

மில்லுக்காரர் ஓட்டினார், செல்வி முன்னால் இடது பக்கம் உட்கார்ந்தார். ஆயிரத்து ஐந்நூறில் கிளட்சை விட்டார், வண்டி வெண்ணெயாக நகர்ந்தது. பின் சீட்டில் என் பக்கத்தில் இருந்த பாக்கியத்தம்மாள் எட்டி எட்டித் தோளைத் தட்டினார். மூன்று கிலோமீட்டர் போனோம், ஒரு வாடையும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். செல்விக்கு மட்டும் திருப்தி இல்லை. "செத்த நிறுத்தச் சொல்லும்மா, எப்படி ஓட்டணும்னு நான் காட்டறேன்" என்று இறங்கிப் போய் ஸ்டியரிங்கைப் பிடித்தார். மில்லுக்காரர் இறங்கி இடது பக்கம் உட்கார்ந்தார்.

செல்வி ஓட்டிக்கொண்டே பாடம் நடத்தினார். வயசான காலத்தில் ஆட்டோ வைத்துக்கொண்டால் என்ன, யாருக்கு என்ன நிரூபிக்கப் போகிறீர்கள் என்று பின்னால் திரும்பித் திரும்பி அம்மாவிடம் பேசினார். இரண்டாவது கியரிலேயே வண்டி கதறிக்கொண்டு ஓடியது. முள் நாலைத் தாண்டிவிட்டது. மில்லுக்காரர் மகளின் தோளைத் தட்டினார். "இருப்பா, பேசிட்டு இருக்கேன்ல" என்றார் செல்வி. அப்பா மறுபடி தட்டினார். வேகத்தடையில் நின்று, பேச்சு வேகத்திலேயே மகள் வண்டியை எடுத்தார். கார் முழுக்கக் கருகின வாடை.

ஓரமாக நிறுத்தினார். டீச்சர் முகம் சிவந்துவிட்டது. பிறகு சாவியை உருவி, இறங்கிச் சுற்றிவந்து, அப்பா கையில் வைத்து அவர் விரல்களை மூடினார். அவருக்கு என்ன நடந்ததென்று புரிந்ததோ என்னவோ, சாவியைச் சட்டைப்பையில் காது மெஷினோடு போட்டுக்கொண்டார். பாக்கியத்தம்மாள் மட்டும் விடவில்லை: "அவருக்குக் காது கேக்கலன்னு மீட்டர மாட்டினோம். எல்லாம் கேக்குற ஒனக்கு என்னத்தடி மாட்டுறது?"

ஆகவே என் இனத்தாரே, பழைய காருக்கு ஆர்.பி.எம். மீட்டர் மாட்ட ஒரு மணி நேரம் போதும், அதை யார் பார்ப்பது என்று ஒரு குடும்பம் முடிவுசெய்ய ஒரு மாசம் ஆகும், அந்த மாசம் முழுக்க நீங்கள்தான் பின் சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும்.