ரஜாய்க்குள் புளித்த மாவு

இதை எழுதும்போதே எனக்குக் குமட்டுகிறது. டெல்லிக் குளிரில் இட்லி மாவு இலேசில் புளிக்காது. மதுரையிலிருந்து இங்கே டெல்லி துவாரகாவுக்குக் குடிவந்ததும், மாவுப் பாத்திரத்தை ரஜாய் எனும் கனத்த பஞ்சுப் போர்வையில் சுற்றி அலமாரிக்குள் வைக்கப் பழகினேன்.

போன டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் முன், வழிக்கு இட்லி கட்டிக்கொள்ளலாம் என்று அப்படித்தான் வைத்தேன். காலையில் எழுந்ததே தாமதம். விமானத்தைப் பிடிக்கிற அவசரத்தில் மாவு மறந்தே போனது.

பொங்கல் முடிந்து திரும்பிக் கதவைத் திறந்தால், வீடு முழுக்க அழுகல் நாற்றம். பக்கத்து வீட்டு ஆன்ட்டி எட்டிப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, "சூஹா மர் கயா க்யா?" என்றார். எலிதான் செத்திருக்கும் என்று நானும் அடுப்படியில் தேடினேன்.

அதற்குள் குளிர் தாங்காத என் கணவர் அலமாரியிலிருந்து ரஜாயை உருவித் தலையோடு போர்த்திக்கொண்டார். பாத்திரம் ணங்கென்று தரையில் விழுந்தது.

"சீ! என்னடி இது, கொழகொழன்னு?"

அவர் கழுத்திலும் மீசையிலும், பொங்கி ரஜாய்க்குள் வழிந்து பச்சைப் பூசணம் பூத்த மாவு. எத்தனை முறை குளித்தும் அவர்மேல் அந்த வாடை போகவில்லை. குப்பை எடுக்க வருகிற ஆள்கூட ரஜாயைத் தொட மறுத்துவிட்டார்.

இப்போது குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் உப்புமாதான். உப்புமா என்றாலே தட்டைத் தள்ளிவிடும் மனிதர், இன்றுவரை மறுபேச்சு பேசியதில்லை.