வீட்டுக்குள் ஓடிய கன்வேயர்

ஒரு மனிதரின் குரலைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா? நான் போன மாதம் பார்த்தேன். என் கணவருடையது!

நெய்வேலியில் மைன்ஸுக்குப் போகிறவர்களைப் பேச்சை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். நிலக்கரி ஓடும் கன்வேயர் பெல்ட் இரைச்சலில் கத்திக் கத்திப் பழகியவர்கள். ஷிஃப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்தாலும் கன்வேயர் கூடவே வந்துவிடும். இவர் "உப்பு எங்க?" என்று கேட்டால் அடுத்த பிளாக்கில் எடுத்து நீட்டுவார்கள். நானும் கத்தித்தான் பதில் சொல்வேன். கல்யாணமானதிலிருந்து இப்படித்தான்.

அந்தக் குரல் கொஞ்ச நாளாகக் கரகரத்து, பாதி வார்த்தையில் காணாமல் போக ஆரம்பித்தது. கேன்சராக இருக்குமோ? இருவருக்கும் அதே பயம்.

பாண்டிச்சேரியில் குரலுக்கென்றே இருக்கும் டாக்டரிடம் போனோம். தொண்டைக்குள் மெல்லிய கேமராவை விட்டு, "ஈ...ன்னு சொல்லுங்க சார்" என்றார். விட்டுவிட்டு மின்னும் ஒரு வெளிச்சம். அதில் பார்த்தால் வேகமான அசைவும் மெதுவாகத் தெரியுமாம். திரையில் வெள்ளையாக இரண்டு குரல் நாண்கள் — சேர்ந்தன, விலகின, மறுபடி சேர்ந்தன. தண்ணீருக்கடியில் எதுவோ அசைவது போல. என்னைத் திட்டியது, மகளின் காதில் முதன்முதலாகப் பெயர் சொன்னது... எல்லாம் இதுதானா? வந்த காரியமே மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பயப்படாதீங்கம்மா, கேன்சர் இல்ல. மண்வெட்டி பிடிச்சா கை காய்ச்சுப் போகுமில்ல? கத்திக் கத்தி இதுவும் அந்த மாதிரிதான். ஆபரேஷன் வேணாம். பேசுற பழக்கத்த மாத்தினா போதும்."

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அடுத்த அறையில் குரல் பயிற்சி தரும் பெண். இவர் அந்தக் கரகரப்பிலும் கத்தினார். "கன்வேயர் பக்கத்துல நின்னுகினு மெதுவா பேசுனா எவனுக்குங்க கேக்கும்?"

"இங்க கன்வேயர் ஓடலீங்களே சார்" என்றார் அந்தப் பெண் சிரித்தபடி.

சில நாள் இவர் பேசவே கூடாதாம். கிசுகிசுக்கவும் கூடாது, அதுவும் தொண்டைக்கு வேலைதானாம். பிறகு தினமும் உதட்டை மூடி 'ம்ம்ம்...' என்று இழுக்கும் பயிற்சி. பதில் வராத வீட்டில் என் சத்தம் எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. நானும் குறைத்துக்கொண்டேன். மத்தியானங்களில் ஃபேன் சுற்றுவதுகூடக் கேட்டது.

போன ஞாயிறு சாயங்காலம் கொல்லையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "மல்லி..." உள்ளேயிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கரகரப்பே இல்லாத, கொஞ்சம் கூச்சப்படுகிற குரல். இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. இவர்தான்!

காதில் நன்றாகவே விழுந்தது. இன்னொரு தரம் கூப்பிடட்டுமே என்று... பேசாமல் இருந்தேன்.