எத்தனை கதவு திறக்கலாம்?

இந்த நகரத்தில் ஒரு பேருந்து நகர வேண்டுமென்றால் முதலில் என் மருமகளிடம் உத்தரவு வாங்க வேண்டும். அவள் தும்மினால் மத்தியப் பேருந்து நிலையமே ஒரு நிமிடம் தாமதமாகும்.

சரி, இதில் பாதி பொய். பாதிக்கு மேலேயே பொய். பேருந்தை ஓட்டுநர்கள்தான் ஓட்டுகிறார்கள். அவள் தும்மினால் அவளுக்குத்தான் மூக்கு ஒழுகும். ஆனால் நிறுத்தத்தில் நின்று, அண்ணாந்து, 'அடுத்த பேருந்து நான்கு நிமிடத்தில்' என்று ஒளிரும் பலகையைப் பார்த்துவிட்டு, கையிலிருக்கும் பையை நிம்மதியாகக் கீழே வைக்கிறீர்களே, அந்த நான்கைப் பலகையின் காதில் ஓதுவது என் மருமகள் எழுதிய கணினி நிரல். இதில் கலப்படம் இல்லை.

அவள் வேலை பார்ப்பது பேருந்து அலுவலகத்தின் இரண்டாவது மாடியில். ஒரு சுவர் முழுக்க நகர வரைபடம் திரையில் விரிந்திருக்கும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு புள்ளி. பலகை உயிரோடு இருந்தால் பச்சை, மூச்சு நின்றால் சாம்பல். ஜன்னலோரம் மேலாளர். பேசும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தையே பார்ப்பதால் அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் 'கடிகாரம்'. மூலையில் கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே குளிரறை. அங்கே கணினிகள் இரைந்துகொண்டிருக்கும், அவற்றின் காவலர் கம்பளிக் குல்லாயோடு உட்கார்ந்திருப்பார். எல்லாக் கடவுச்சொல்லும் அவர் கையில் இருப்பதால் 'சாவிக்காரர்'.

என் மருமகள் அங்கே சேர்ந்தது பேருந்து அட்டவணையைத் தட்டச்சு செய்ய. காலையில் வந்து, நேற்று அடித்த அட்டவணையில் இரண்டு எண்ணை மாற்றி மறுபடி அடிப்பது. பல வருடம் இதே பிழைப்பு. பேருந்து வந்தாலும் வராவிட்டாலும் பலகை அந்த அட்டவணையைத்தான் காட்டும். ஒருநாள் மழையில் நனைந்துகொண்டு, வராத பேருந்துக்காக, தான் அடித்த பொய்யையே அண்ணாந்து பார்த்து நின்றாளாம். அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. படித்தாள், எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். பேருந்து இருக்கும் இடத்தை உடனுக்குடன் பலகைக்குச் சொல்லும் நிரல் பிறந்தது.

முதலில் சில நூறு பலகைகளில் வைத்துப் பார்த்தார்கள். வெண்ணெயில் கத்தி இறங்கியது மாதிரி ஓடியது. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்துப் புன்னகை செய்தார். பிறகு ஒரு திங்கட்கிழமை நகரம் முழுவதற்கும் திறந்துவிட்டார்கள். நாலில் ஒரு பங்கு பலகைதான் எரிந்தது. மற்றதெல்லாம் இருட்டு. அணைத்துப் போட்டால் வேறு ஒரு பங்கு எரிந்தது; முன்பு எரிந்தவை அணைந்தன. முந்தியவருக்கு நாற்காலி, பிந்தியவருக்குத் தரை என்கிற கதை.

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தபடி சொன்னார்: "இன்னும் ஒரு வாய்ப்பு தர்றேன். மேலிடத்துப் பெரியவங்க எல்லாம் பாக்க வரும்போது ஒரு புள்ளி சாம்பலா நின்னாலும் வெளி கம்பெனி புரோகிராமை வாங்கிடுவோம். நீங்க பழையபடி அட்டவணை அடிக்கலாம். வேலைக்கு ஒண்ணும் ஆபத்தில்ல, கவலைப்படாதீங்க."

அவர் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். மறுபடியும் அந்தப் பொய்யை அடிப்பதா என்பதுதான் அவள் கவலை.

இனி நடந்த தப்பைச் சொல்கிறேன். நிரல் ஒவ்வொரு பலகையோடும் பேச ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கும். ஒரே நேரத்தில் ஒரு நிரல் எத்தனை கதவு திறக்கலாம் என்று ஒவ்வொரு கணினியும் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. இல்லாவிட்டால் ஒரே விருந்தாளி வீடு முழுக்கக் காலை நீட்டிப் படுத்துவிடுவானே. இதெல்லாம் அவளுக்குத் தெரியாததல்ல.

அவள் முகம் கழுவி வந்தபின் கேட்டேன். "ஏம்மா, எத்தனை திறக்கலாம்னு நீ கேக்கவே இல்லையா?"

"கேட்டேன் அத்தை. அதான் கொடுமை. புரோகிராமைக் கட்டும்போது என் மேசை கம்ப்யூட்டர்ட்ட கேட்டு, அது சொன்ன பதிலை உள்ளயே பதிச்சுட்டேன். அது ஏகப்பட்டது திறக்கலாம்னு சொல்லிச்சு. ஆனா புரோகிராம் ஓடறது குளிரறை கம்ப்யூட்டர்ல. அங்க ஆயிரத்துச் சொச்சம்தான்."

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் என் மகன் சோற்றைப் பிசைந்தபடி சொன்னான்: "ஒருத்தர் கண்ணைச் சோதிச்சுட்டு இன்னொருத்தருக்குக் கண்ணாடி போட்டிருக்க."

"உங்கம்மா திரை தச்ச மாதிரின்னு சொல்லுங்களேன்" என்றாள் அவள்.

அந்தத் திரையை இங்கே இழுத்திருக்க வேண்டாம். என் தங்கை வீட்டையும் எங்கள் வீட்டையும் ஒரே மேஸ்திரி கட்டினார். ஜன்னலும் ஒரே அளவாகத்தான் இருக்கும் என்று தங்கை வீட்டு ஜன்னலை அளந்து எங்கள் வீட்டுக்குத் திரை தைத்தேன். அது இன்றைக்கும் முழங்காலுக்கு மேல் நிற்கிற பாவாடை மாதிரி தொங்குகிறது. அந்தத் திரையைப் பார்த்ததும் அவளுக்கு மூளையில் மின்னல் அடித்து விடை கிடைத்தது என்று எழுத எனக்குக் கொள்ளை ஆசை. உண்மையில் அவள் விடையை அலுவலகத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். திரை பயன்பட்டது என்னைக் கிண்டல் செய்ய மட்டும்தான்.

மறுநாளே வேலையில் இறங்கினாள். இனி நிரல் கட்டப்படும் இடத்தில் கேட்காது; எந்த வீட்டில் கண் விழிக்கிறதோ அந்த வீட்டுக்காரரிடம் கேட்கும். எத்தனை கதவு, எவ்வளவு நினைவகம், வேலை செய்ய எத்தனை செயலி, கோப்பின் பெயர் எவ்வளவு நீளம் போகலாம், எல்லாவற்றையும். சில கேள்விக்குக் கணினி 'கழித்தல் ஒன்று' என்று பதில் சொல்லுமாம். அதற்கு 'வரம்பே இல்லை' என்றும் பொருள், 'நீ கேட்டதே தப்பு' என்றும் பொருள். எது என்று தெரிந்துகொள்ள இன்னோர் இடத்தை எட்டிப் பார்க்க வேண்டும். எனக்கு இது உடனே புரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் இருந்தவரை செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றுக்கும் 'ம்' என்பார். தாளை விலக்கி முகத்தைப் பார்த்தால்தான் சம்மதமா, காதிலேயே விழவில்லையா என்று தெரியும்.

கதவு விஷயத்தில் வரம்புக்கு வேலி இரண்டு. உள்வேலியை நிரல் தானே தள்ளி வைத்துக்கொள்ளலாம், ஆனால் வெளிவேலி வரைதான். வெளிவேலியைத் தாண்ட சாவிக்காரர் வர வேண்டும். ஆகவே நிரல் எழுந்ததும் இரண்டையும் கேட்டு, தேவைக்கேற்ப உள்வேலியைத் தள்ளும். வெளிவேலியும் போதாவிட்டால் முட்டிக்கொண்டு சாகாது. மிச்சப் பலகைகளை முறை வைத்துக் கூப்பிட்டு, ஒன்றிடம் பேசி முடித்துக் கதவைச் சாத்தி, அடுத்ததற்குத் திறக்கும்.

சாவிக்காரருக்கு இது பிடிக்கவில்லை. "எதுக்கும்மா இந்தக் கூத்து? நான் இந்த மெஷின்ல வரம்பை ஏத்தி விட்டுடறேன். கேக்கவும் வேணாம், முறை வைக்கவும் வேணாம்."

"ஏத்துங்கண்ணா, சந்தோஷம். நீங்க லீவ்ல இருந்தா?"

"நான் என்னைக்கு லீவ் போட்டிருக்கேன்?"

"மெஷின் லீவ் போட்டா?"

அவர் குல்லாயைக் காதுவரை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வரம்பை ஏற்றியும் வைத்தார். அன்றிலிருந்து எல்லாப் புள்ளியும் பச்சை.

பெரியவர்கள் பார்க்க வந்த அன்று நானும் அந்த அறையில் இருந்தேன். எப்படி என்று கேட்காதீர்கள். மருமகள் மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டாள், கொடுக்கப் போனேன். அவள் மறந்தாளா, நான் எடுத்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேனா என்பது குடும்ப விவகாரம்.

தாழ்வார நாற்காலியில் வெளி கம்பெனிக்காரர் மடியில் லேப்டாப்போடு காத்திருந்தார். உள்ளே கோட்டு போட்ட ஐந்தாறு பேர். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்து வரவேற்புரை சொல்லிக்கொண்டிருந்தார். வரைபடம் பச்சைப் பசேல் என்று வயல் மாதிரி இருந்தது. திடீரென்று ஒரு கருகல் வாடை. புள்ளிகள் அத்தனையும் ஒரே மூச்சில் சாம்பலாகின.

குளிரறையிலிருந்து சாவிக்காரர் வந்தார். குல்லாய் கையில். "மெஷினோட பவர் சப்ளை கருகிடுச்சு."

"வேற மெஷின்?" என்றார் மேலாளர்.

"பழசு ஒண்ணு கிடக்கு. ஆனா அதுல நான் வரம்பு எதையும் ஏத்தி வைக்கல சார். வாங்கினப்ப இருந்த மாதிரியே இருக்கு. வரம்பை ஏத்த வேண்டிய பாஸ்வேர்டும் எந்தச் சீட்டுல எழுதி வச்சேன்னு தேடணும்."

நான் அந்தப் பழைய கணினியைப் பார்த்திருக்கிறேன். அதன் மேல்தான் அவர் காபிக் கோப்பையை வைப்பார். கோப்பைக்கு அடியில் வட்ட வட்டமாகக் கறை.

மேலாளர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடிகாரத்தை விட்டுவிட்டு என் மருமகளின் முகத்தைப் பார்த்தார். "இதுல ஓடுமா?"

"எவ்வளவு முடியும்னு அதுவே கேட்டுக்கும் சார்" என்றாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. கை மட்டும் என் கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது.

காபிக் கோப்பையை இறக்கிவிட்டுக் கணினியை மாட்டினார்கள். சேமித்து வைத்திருந்த நிரலை அதில் இறக்கினார்கள். கோட்டுக்காரர் ஒருவர் இருமினார். வெளி கம்பெனிக்காரர் வாசலில் தலையை நீட்டினார். திரையில் நிரல் எழுதிய வரிகள் ஒவ்வொன்றாக வந்தன. என் கண்ணால் பார்த்தவை, யாரையும் கேட்டு எழுத வேண்டிய அவசியம் எனக்கில்லை. 'இந்தக் கணினியில் உள்வேலி ஆயிரத்துச் சொச்சம். வெளிவேலி ஐயாயிரம். தேவை நாலாயிரத்து இருநூறு. உள்வேலியைத் தள்ளிக்கொண்டேன்.'

முதல் புள்ளி துறைமுகத்தின் பக்கம் பச்சையானது. அடுத்து அதன் பக்கத்தில். பிறகு தெருத் தெருவாக, மருத்துவமனை, சந்தை, பள்ளிக்கூடங்கள், ஆற்றுப்பாலம் என்று பச்சை நடந்து போனது. வடக்கு மூலையில் கடைசிச் சில புள்ளிகள் மட்டும் கண் சிமிட்டுவது போல இருந்தது. என் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது என்று துடைத்துக்கொண்டேன். ஒரு சாம்பல் புள்ளிகூட மிச்சமில்லை.

ஜன்னலுக்குக் கீழே தெருவில் இருந்த நிறுத்தத்தை எட்டிப் பார்த்தேன். பலகை 'இரண்டு நிமிடம்' என்றது. காய்கறிப் பையோடு நின்ற ஒரு பெண் பையைக் கீழே வைத்தாள். மாடியில் நடந்த யுத்தம் எதுவும் அவளுக்குத் தெரியாது. அதுதான் வெற்றி என்று நினைக்கிறேன்.

முதலில் கை தட்டியது சாவிக்காரர். பிறகு அறையே தட்டியது. கோட்டுக்காரர்களும் தட்டினார்கள். வெளி கம்பெனிக்காரர் நல்ல மனிதர், லேப்டாப்பைப் பைக்குள் வைத்துவிட்டு, உள்ளே வந்து, "முறை வைக்கிற பகுதியை எப்படி எழுதினீங்க?" என்று கேட்டுக்கொண்டு நின்றார். மேலாளர் மறுபடி கடிகாரத்திடம் திரும்பி அறிவித்தார்: "அட்டவணை அடிக்க இனிமே யாரும் வேணாம். நகரம் முழுக்க இதுதான்."

என் மருமகள் உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கேட்டாள். கொடுத்தேன். போட்டுக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தாள், ரொம்ப நேரம்.

இதுவரை எழுதி முடித்து, முற்றுப்புள்ளிக்குக் கையை உயர்த்தும்போது என் தோளுக்குப் பின்னால் ஒரு தலை. நின்றபடியே முழுவதையும் படித்துவிட்டாள் போலிருக்கிறது.

"அத்தை, வெளிவேலி ஐயாயிரம் இல்ல. நாலாயிரத்துத் தொண்ணூத்தாறு."

"போனா போகுது. கதைக்குக் கொஞ்சம் கூட்டிச் சொன்னா என்ன குறைஞ்சு போச்சு?"

"குறைஞ்சுதான் போச்சு. ஐயாயிரம்னா நாலாயிரத்து இருநூறு சும்மாவே அடங்கியிருக்கும், அதுல என் வேலை என்ன இருக்கு? அன்னைக்கு வேலி பத்தல. வடக்கு மூலைல சிமிட்டிச்சே, அது உங்க கண்ணீர் இல்ல. மிச்சப் பலகைங்க முறை வச்சுப் பேசிக்கிட்டு இருந்துச்சு. நான் பக்கத்து அறைலதானே இருந்தேன், ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதியிருக்கலாம்."