டீச்சரைச் சிடியில் ஏற்றிய புரட்டாசி

கணினியில் சிடி எழுதும் ரைட்டரின் தட்டு வெளியே நீளும்போது அதில் கிடக்கும் சிடி உள்ளங்கைக்கு இளஞ்சூடாக இருக்கும். விளிம்பைப் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்தால், எழுதிய இடம் கொஞ்சம் இருண்டும் எழுதாத இடம் வெளிறியும் ஒரு வளையமாகத் தெரியும். அந்த வளையத்தைப் பார்த்தே உள்ளே எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த நாட்களில் இருந்த பெரிய கர்வம் அதுதான்.

திருவரங்குளத்தில் அப்பா ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். கேமராவை எடுத்தால் அவர் கை நடுங்காது. கணினியின் முன்னால் உட்கார்ந்தால் மவுஸைப் பிடிக்கவே தயங்குவார். அதனால் கல்யாண வீடியோக்களுக்கு நகல் எடுக்கும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. புதுக்கோட்டையில் ஒருவர் படத்தை வெட்டி, பாட்டுச் சேர்த்து "மிக்சிங்" செய்து ஒரே ஒரு சிடி கொடுத்தனுப்புவார். அதை வைத்து, மென்பொருளில் நகல் எடுக்கும் பொத்தானை அழுத்தி, மாப்பிள்ளை வீட்டுக்கு நான்கு, பெண் வீட்டுக்கு நான்கு என்று நான் "ரைட்" பண்ணித் தருவேன். பச்சைக் கோடு நகர்ந்து முடியும்வரை யாரும் மேசையில் கை வைக்கக் கூடாது, கடைக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டில் அம்மா மிக்சி போட்டுக் கரண்டை ஆட்டக் கூடாது என்பது என் சட்டம். "கல்யாணத்த ரெண்டாந்தடவ நடத்த முடியாது, பாத்துப் போடு" என்பது அப்பாவின் சட்டம்.

அந்த வருஷம் எங்களுக்கு இயற்பியல் நடத்திய கலைவாணி டீச்சர் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். ஐப்பசியில் விடுப்பில் போகிறேன், எனக்குப் பதில் ஆள் வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று ஒருநாள் வகுப்பில் சொன்னார். வகுப்பில் முப்பத்தொரு பெண்கள் இருந்தோம். பக்கத்தில் இருந்த ராசாத்தி என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வல்லத்திராக்கோட்டைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவளுக்கு ஏற்கெனவே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். பாடம் நடத்த ஆளே இல்லாத பள்ளிக்கூடத்துக்கு எதற்கு அனுப்ப வேண்டும் என்று அவள் அப்பா கேட்டுவிட்டால், படிப்பு அத்தோடு நின்றுவிடும்.

எனக்கு யோசனை தோன்றியது சாயங்காலம் ஸ்டூடியோவில். புரட்டாசியில் கல்யாணம் கிடையாது, கேமரா பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த எட்டுப் பாடங்களையும் டீச்சர் நடத்த, அப்பா படம் பிடித்தால், நான் பாடத்துக்கொரு சிடியாக எல்லாருக்கும் போட்டுக் கொடுத்துவிட மாட்டேனா? அரசாங்கம் கொடுத்த கலர் டிவி அப்போது எல்லார் வீட்டிலும் இருந்தது. சிடி பிளேயர் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்ளலாம். அப்பா கேட்டுவிட்டுக் கேமராவை எடுத்து லென்ஸைத் துடைத்தார். பிறகு, "சும்மா கெடக்கிற கேமராதானே" என்றார். டீச்சரும் தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்கிவிட்டார்.

நான்கு வாரம், சனியும் ஞாயிறும், வெறும் பெஞ்சுகளுக்கு முன்னால் டீச்சர் பாடம் நடத்தினார். இயற்பியலே படித்திராத அப்பா, முதல் நாள் "நிழல் விழுது, கொஞ்சம் அங்கிட்டு தள்ளிக்கங்க டீச்சர்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர், மூன்றாவது பாடத்தில் காந்தப்புலத்தின் திசை ஏன் மாறியது என்று சந்தேகமே கேட்டார்.

முதல் பாடத்தைக் கணினியில் ஏற்றி, அதிலேயே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, முப்பது சிடி போட்டு, ஒரு வெள்ளிக்கிழமை மற்ற எல்லாருக்கும் கொடுத்தேன். திங்கட்கிழமை அத்தனையும் வகுப்பில் என் மேசைக்குத் திரும்பி வந்தன. ஒரு வீட்டிலும் படம் வரவில்லை.

ராசாத்தி தன்னுடையதைக் கடைசியாக வைத்தாள். அவள் அப்பா வேலைக்குப் போகாமல், குளித்து, சட்டை போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாராம். திரை நீலமாகவே நின்றதாம். "எங்கத்தா ஒங்க டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, மாப்பிள்ளை வீட்டாரை வரச் சொல்லிவிடலாம் என்று அவள் அம்மாவிடம் சொன்னாராம். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அன்று சாயங்காலம் ஒரு கல்யாணச் சிடியையும் என் சிடியையும் மாற்றி மாற்றிக் கணினியில் போட்டுத் திறந்து பார்த்தேன். கல்யாணச் சிடிக்குள் நான் வைக்காத நாலைந்து போல்டர்கள் இருந்தன. என்னுடையதில் ஒரே ஒரு கோப்பு அநாதையாகக் கிடந்தது. அப்போதுதான் விஷயம் உறைத்தது. நான் அதுவரை செய்ததெல்லாம் இன்னொருவர் உருவாக்கியதை நகல் எடுத்தது மட்டும்தான். நானாக ஒன்றை உருவாக்கியது இதுதான் முதல் தடவை, அதைக் கணினிக்கு மட்டும் புரிகிற மாதிரி உருவாக்கியிருக்கிறேன். வீட்டுப் பிளேயருக்கு அந்தப் பாஷை தெரியாது.

அதே மென்பொருளில் வீடியோ சிடி என்று தனியாக ஒரு வழி இருந்தது. அதில் போனால் முதலில் படத்தை மாற்றவே ஒன்றரை மணி நேரம் பிடித்தது. காலையிலும் மாலையிலும் கரண்ட் போகிற நேரத்தைச் சுவரில் எழுதி வைத்து, இடைப்பட்ட நேரத்தில் ஓட்டினேன். முதலில் வந்ததில் டீச்சர் கறுப்பு வெள்ளையில் நின்றார். நம் ஊர் டிவிக்கான முறையைத் தேர்ந்தெடுக்காமல் விட்டிருந்தேன். அடுத்ததில் கலர் வந்தது, ஆனால் எங்கள் வீட்டுப் பழைய பிளேயரில் திக்கித் திக்கி ஓடியது. சிடியில் எழுதும் வேகத்தை ஆகக் குறைத்து இன்னொன்று போட்டேன். அது அதே பிளேயரில் முதலிலிருந்து கடைசி வரை தங்கு தடையில்லாமல் ஓடியது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து முழுப் பாடத்தையும் பார்த்தார்.

இந்தத் தடவை ராசாத்தியின் சிடியை நானே கொண்டுபோனேன். அவள் அப்பா வாசலில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். "வாத்தா" என்றார், ஆனால் எழுந்து உள்ளே வரவில்லை. சிடியைப் போட்டேன். பிளேயர் சற்று நேரம் முனகியது. பிறகு டீச்சரின் குரல் கேட்டதும், ராசாத்தியின் அப்பா எழுந்து வந்து நிலைப்படியில் நின்றார். வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி டீச்சர் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார்.

"புள்ளத்தாச்சி இம்புட்டு நேரமா நிக்கிறாங்களே, ஒக்கார வைக்க ஒரு ஆளில்லையா?" என்றார் அவர்.

சொல்லி வைத்ததுபோல டிவிக்குள்ளிருந்து என் அப்பாவின் குரல், "டீச்சர், செத்த நேரம் ஒக்காந்துக்கங்க" என்றது. டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்து, சிரித்து, பாடத்தைத் தொடர்ந்தார்.

பாடம் முடியும்வரை ராசாத்தியின் அப்பா நிலைப்படியை விட்டு நகரவில்லை. பிறகு ராசாத்தியைப் பார்த்து, "ஒங்களுக்காவத்தான் அந்தப் புள்ளத்தாச்சிப் பொண்ணு இந்தப் பாடு படுதா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். "அப்ப பரீச்ச முடியட்டும். பொண்ணு பாக்க வர்றவுககிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

கார்த்திகையில் டீச்சருக்குப் பெண் குழந்தை பிறந்தது. எட்டுப் பாடங்களும் அதற்குள் முப்பத்தொரு வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. சில வீடுகளில் நாலைந்து பேர் சேர்ந்து பார்த்தார்கள், புரியாத இடத்தை ரிமோட்டில் பின்னுக்கு ஓட்டிப் பார்த்தார்கள். பள்ளிக்குப் புது ஆள் தை மாதம்தான் வந்தார். பொதுத் தேர்வில் எங்கள் வகுப்பில் ஒருத்திகூட இயற்பியலில் தோற்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்த டீச்சர், அந்த மென்பொருளை எப்படி இயக்குவது என்று என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அடுத்த வருஷத்துப் பெண்களுக்கு அவரே போட்டுக் கொடுத்தார்.

இப்போது என் மடிக்கணினியில் சிடி போடத் தட்டே இல்லை. அப்பா கல்யாணங்களை பென் டிரைவில் கொடுக்கிறார். அந்த மென்பொருளின் பெயரைச் சொன்னால் என்னோடு வேலை பார்க்கும் இளைஞர்களுக்குத் தெரியாது. பாடங்கள் கைபேசிக்குக் கண்ணிமைப்பதற்குள் வந்துவிடுகின்றன. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. எங்கள் சிடிகளில் பாதி பூஞ்சை பிடித்தும், மீதி காக்கை விரட்ட வயலில் கட்டப்பட்டும் போய்விட்டன. ராசாத்தி திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். போன மாதம் ஸ்கேன் எடுக்க அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போயிருந்தேன். காந்தத்தை வைத்து உடம்புக்குள்ளே எப்படிப் பார்க்கிறார்கள் என்று அம்மா கேட்டார். வரிசையில் ஆட்கள் காத்திருந்தும், ராசாத்தி ஒரு சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு, அம்மாவுக்கு விளங்கும்வரை நிதானமாகச் சொல்லிக் கொடுத்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.