கபூர் பாய் அனுப்பிய கம்பாசிட்டர் பங்கு

கபூர் பாய் போய்விட்டார்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை வைத்திருந்தாரே, அவர்தான். காலையில் அவர் மகன் சலீம் போன் செய்தான். மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம். போய்விட்டு இப்போதுதான் மாகறல் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

அசதியாக இருக்கிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை...

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரெண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் ஒரு தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் எழுதினேன். இலவசம். சோர்ஸ் கோடும் திறந்தே இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். பகலெல்லாம் காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வேலை, வீட்டுக்கு வந்தால் இது.

பிடித்திருந்தால் உங்களால் முடிந்த சிறு தொகையை அனுப்புங்கள் என்று கூடவே ஒரு வரி போட்டு, என் விலாசமும் கொடுத்திருந்தேன். வெப்சைட்டுக்கு வருஷா வருஷம் கட்ட வேண்டுமே.

டவுன்லோடு மட்டும் ஜோராகப் போனது. மணியார்டர் ஒன்றும் வரவில்லை. வெளிநாட்டிலிருந்து ஒரு புண்ணியவான் அஞ்சு டாலருக்குச் செக் அனுப்பினார். அதை மாற்ற ஆகும் சார்ஜ் அதைவிட அதிகம் என்று பேங்கில் சொல்லிவிட்டார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அப்புறம் ஒரு நாள், உத்திரமேரூரிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் எங்கள் ஸ்டாப்பில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒரு மஞ்சள் பையைக் கொடுத்தார். பிரித்தால் தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு.

அம்மா பார்த்துவிட்டு, "எவன் வூட்டு நிச்சயதார்த்தண்டா இது? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" என்றாள். எனக்கே ஒன்றும் விளங்கவில்லை. பைக்குள் கிடந்த கார்டில் ஒரு கடையின் போன் நம்பர் இருந்தது. போன் செய்தேன்.

பாய் எனக்குப் பழக்கமானது அப்படித்தான்.

பத்திரிகை அடிக்கக் கொடுப்பவர்கள் வெறுங்கையோடு வர மாட்டார்கள். தட்டில் தேங்காய் பழம் வெற்றிலை வைத்து, அதன்மேல் அச்சடிக்க வேண்டிய மேட்டரை வைத்துத் தருவார்கள். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகக் கோத்து அச்சடித்த காலத்திலிருந்தே பாய் கடையில் ஒரு வழக்கம்... அந்தத் தட்டில் வருவது எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டருக்கு. கம்ப்யூட்டர் வந்ததும் கம்பாசிட்டர் மளிகைக் கடை வைத்துக்கொண்டு போய்விட்டார். தட்டு வருவது நிற்கவில்லை.

"இப்ப எழுத்து கோக்கறது உங்க சாஃப்ட்வேர்தான தம்பி? அப்ப பங்கு யாருக்குப் போவணும்?" என்றார்.

பணம் அனுப்பச் சொன்ன வரியையும் அவர் படித்துத்தான் இருக்கிறார். ஆனால் இலவசம் என்று கொடுத்தவனிடம் காசை நீட்டினால் மரியாதை இல்லை என்று அவராகவே முடிவு செய்துவிட்டார். நானும் சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தேன். வெப்சைட்காரன் தேங்காய் வாங்க மாட்டானே பாய் என்றுகூடச் சொன்னேன். சிரித்தார். அடுத்த முகூர்த்தத்துக்கு ரெண்டு தேங்காயாக வந்தது.

நடுவில் எனக்கு ரொம்பச் சலித்துப்போனது. புது கம்ப்யூட்டரில் போட்டால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று மெயில் மேல் மெயில். ஓசியில் கொடுத்தால் இப்படித்தான் என்று ஒருத்தர். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்த கதை. நன்றி என்று ஒரு வரி எழுத யாருக்கும் கை வரவில்லை.

கண்ணெல்லாம் எரிச்சல், வீட்டில் வேறு திட்டு. இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று வெப்சைட்டிலேயே போட்டுவிட்டேன்.

மறுநாளே பாய் பஸ் ஏறி மாகறல் வந்துவிட்டார். நிறுத்தாதே என்று சொல்லவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார். அம்மாவிடம் ஊர்ப்பேச்சு பேசினார். கிளம்பும்போதுதான் வாயைத் திறந்தார்.

"பேஜாராத்தான் கீது உங்களுக்கு, தெரியுது. இந்தத் தை முகூர்த்தம் ஒண்ணு முடியட்டும் தம்பி."

சரி, இவர் ஒருத்தர் பிழைப்புக்காக என்று உட்கார்ந்து சரிசெய்தேன். தை முடிந்தால் வைகாசி. ஆவணி முடிந்தால் ஐப்பசி. நான் சலித்துக்கொள்ளும் போதெல்லாம் அவருக்கு ஒரு முகூர்த்தம் பாக்கி இருக்கும். இப்படியே வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டு போய்விட்டார் மனுஷன். அவர் கடை நின்றுவிடக் கூடாதே என்ற ஒரே நினைப்பில்தான் நானும் செய்துகொண்டிருந்தேன்.

இன்றைக்கு அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு சலீமிடம் பேசினேன். கடையில் எந்த வெர்ஷன் ஓடுகிறது, தகராறு செய்தால் கூப்பிடு, அத்தா இல்லையே என்று தயங்காதே என்றேன்.

முழித்தான்.

"நம்ம கடைல அது இல்லண்ணே. மிஷின் மாத்துனப்பவே காசு குடுத்து வேற வாங்கிட்டோம். அத்தாதான் உங்ககிட்ட சொல்ல வாணாம்னாரு. தம்பி வுட்டுட்டா புள்ளலூர்ல, ஐயங்கார்குளத்துல சின்னதா பத்திரிகை அடிக்கற கடை வச்சிக்கினு கீறவங்க இன்னா பண்ணுவாங்க, அவங்களால வாங்க முடியுமான்னுவாரு..."

எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். பாய் மாகறல் வந்து போனாரே, அதற்கும் முன்னாலேயாம்.

முதலில் கோபம்தான் வந்தது. திரும்பிப் போய் ஒரு சண்டை போட வேண்டும் போல இருந்தது. யாரிடம் போட... பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அழுதுவிட்டேன்.

புள்ளலூரில் கடை வைத்திருப்பது யார் என்றுகூட எனக்குத் தெரியாது. அங்கிருந்து இதுவரை ஒரு மெயில் வந்ததில்லை.

நல்லா ஏமாத்தினீங்க பாய். நிம்மதியாத் தூங்குங்க.