பச்சை முட்டை

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம் என் தங்கை வயதுக்கு வந்தாள். அவனியாபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தென்னங்கீற்றில் குச்சு கட்டி அவளை உட்கார வைத்தார்கள். தீட்டு என்பதால் வேறு யாரும் கிட்டே போவதில்லை. காலையில் ஒரு பச்சை முட்டை, பிறகு அதே ஓடு நிறைய நல்லெண்ணெய். கொடுப்பது என் வேலை. முட்டையில் கோழிப் பீ ஒட்டியிருக்கும். முந்தானையில் துடைத்து, உடைத்து நீட்டுவேன். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவாள்.

மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கண்டது. "உடம்புச் சூடுடி, இன்னொரு முட்டை சேத்துக் குடு" என்றாள் அப்பாவின் அக்காளான அத்தை. கொடுத்தேன்.

ஆறாம் நாள் வண்டி கட்டி மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். கோழிக் கழிவில் இருக்கும் கிருமி ஓட்டிலும் இருக்கும், உள்ளேயும் இருக்கும், நன்றாக வேகவைத்தால் செத்துவிடும் என்றார்.

"அம்புட்டுத்தானா?" என்றேன்.

"அம்புட்டுத்தாம்மா."

அன்று சாயங்காலம் அவள் போய்விட்டாள். சடங்குக்கு அரைத்து வைத்திருந்த மஞ்சளைப் பூசித்தான் குளிப்பாட்டினோம். எனக்கு அழுகை வரவில்லை.

பல வருஷம் கழித்து என் மகள் வயதுக்கு வந்தபோது, பச்சையாகக் கொடுத்தால்தான் இடுப்புக்கு வலு என்று சொல்ல அதே அத்தை வந்து உட்கார்ந்தாள். நான் முட்டையைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றினேன். முட்டை வெந்துவிட்டது. விறகை வெளியே இழுக்கத் தோன்றவில்லை. தண்ணீர் வற்றிச் சட்டி கருகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.