குழாய் முனையில் நின்றவள்

மணிவேல் பொய்யே சொல்லாதவன் இல்லை. லீவு வேண்டுமென்றால் இல்லாத மாமாவுக்குக்கூடக் காய்ச்சல் வரவழைப்பான். ஆனால் போன மாசியில் ஜவ்வாது மலையில் நடந்ததை மட்டும், யார் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்கிறான். ஒரு சொல் கூடுவதில்லை, ஒரு சொல் குறைவதில்லை. நடந்தது இதுதான்.

அவன் தீயணைப்பு வண்டியின் ஓட்டுநர். வண்டி நின்றதும் அவன் வேலை முடிந்தது என்று வெளியாட்கள் நினைப்பார்கள். அப்போதுதான் அது தொடங்குகிறது. பம்பு அவன் பொறுப்பு. குழுத்தலைவர் தீயைப் பார்த்து உத்தரவிடுவார். இரண்டு பேர் துண்டு துண்டாகச் சுருட்டி வைத்த ஹோஸ் குழாயை ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு ஓடுவார்கள். கடைசித் துண்டின் பித்தளை முனையைப் பிடிப்பவன்தான் தீக்கு மிக அருகில் நிற்பவன். பம்பருகே நிற்பவனுக்குப் பெரும்பாலும் தீயே தெரியாது. அதனால் ஒரு விதி. முனையிலிருந்து "விடு" என்று குரல் வந்தால் வால்வைத் திறக்க வேண்டும். "நிறுத்து" என்றால் மூட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்கிற நேரத்தில் முனையில் நிற்பவன் செத்துவிடலாம். நகரத்துக்கென்று உருவான தீயணைப்புப் படை ஊர் ஊராகப் பரவி மலையேறி வந்தபோதும், இந்த ஒழுங்கு அப்படியே கூட வந்தது.

முந்தைய வருஷம் செல்லியின் வீடு எரிந்தது. சாமை விதைத்துத் தனியாகப் பிழைத்த பெண் அவள். அவள் வீட்டுக்குப் போகும் வண்டிப்பாதையைச் சந்தவாசல் புளி வியாபாரி பூவரசன் வளைத்துப் போட்டிருந்தான். மணிவேலின் வண்டி வந்தபோது பாதையின் குறுக்கே டிராக்டரை நிறுத்தி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான்.

"இன்னிக்கு வண்டி போனா, நாளைக்கு ரோடுன்னு எழுதி வாங்கிடுவா. நடந்து போய் அணைங்க சார்."

இருந்த ஹோஸ் முழுவதையும் இழுத்துப் பார்த்தார்கள். எட்டவில்லை. தண்ணீர் வாசலுக்கு வெகு முன்னாலேயே புழுதியில் விழுந்தது. உள்ளே செல்லி, "தண்ணி... தண்ணி..." என்று கத்தினாள். பிறகு கத்தவில்லை. பூவரசன் மேல் போட்ட வழக்கும் நிற்கவில்லை.

போன மாசியில், வெயில் சாயும் நேரம், அதே பாதையோரம் பூவரசனின் புளிக் கிடங்கு பற்றிக்கொண்டது. அவன் உள்ளே மாட்டிக்கொண்டான். வண்டி போய் நின்றபோது அவன் குரல் வெளியே கேட்டது.

"தண்ணி..."

மணிவேல் அசையாமல் நின்றான். குழுத்தலைவர் அருணகிரி அவன் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"இன்னாடா யோசிக்கிற? எவனா இருந்தா இன்னா? உள்ள ஒரு உசுரு இருக்குது. பம்பப் போடு."

அஜயும் வெற்றிச்செல்வனும் ஹோஸை இழுத்துக்கொண்டு கிடங்கின் பின்பக்கம் ஓடினார்கள். ஐந்து துண்டு போதுமாக இருந்தது. "விடு" என்று அஜயின் குரல் வந்தது. மணிவேல் வால்வைத் திறந்தான். ஹோஸ் விம்மி இறுகியது.

"தண்ணி வரலண்ணே!"

அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தான். சரியாக நின்றது. ஹோஸ் கிழிந்திருந்தால் முள் விழ வேண்டும். விழவில்லை. நடுவில் அடைத்திருந்தால் தொட்டித் தண்ணீர் குறையக் கூடாது. குறைந்துகொண்டே இருந்தது.

அப்படியானால் தண்ணீர் எங்கோ போகிறது.

ஹோஸைத் தொட்டபடியே நடந்தான். உள்ளே தண்ணீர் ஓடும் அதிர்வு கையில் ஏறியது. கிடங்குப் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் ஹோஸ் திரும்பவில்லை. மேட்டில் ஏறியது. ஒரு துண்டு... இன்னொரு துண்டு... இன்னும் ஒன்று...

இத்தனை துண்டு வண்டியிலேயே கிடையாது.

மேட்டின்மேல் செல்லியின் வீடு. கரிந்த மண்சுவர். உள்ளே தரை முழுக்கப் புல். அந்தப் புல்லின்மேல் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சோ...வென்று.

முனையைப் பிடித்தபடி ஒருத்தி நின்றாள்.

முதுகு மட்டும் தெரிந்தது. சேலையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

கீழே பூவரசனின் கத்தல் தணிந்திருந்தது. இப்போது வெறும் முனகல்.

அவள் திரும்பவில்லை.

"போதும்பா. நிறுத்து."

முனையிலிருந்து வந்த சொல்.

கால்கள் தாமே வண்டியை நோக்கி ஓடின. கை தானே வால்வை மூடியது.

கிடங்கிலிருந்து ஓர் அலறல்... நீளமாக...

பிறகு ஒன்றுமில்லை.

அஜய் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"எதுக்குண்ணே மூடுன? யார் சொன்னது?"

மணிவேல் தரையைப் பார்த்தான். ஹோஸ் கிடங்கின் பின்பக்கம் திரும்பிக் கிடந்தது. ஐந்தே துண்டு.

மறுபடி திறந்ததும் தண்ணீர் ஒழுங்காக வந்தது. இருட்டுவதற்குள் கிடங்கு அணைந்தது. சாம்பல் முழுவதையும் சலித்துப் பார்த்தார்கள். பூவரசன் இல்லை. ஒரு எலும்புகூட இல்லை.

சில நாள் கழித்து, மாடு ஓட்டிப்போன மாதம்மாள் செல்லி வீட்டுப் பக்கம் நாற்றம் வருகிறது என்றாள். போலீஸ் வந்து, அன்று தண்ணீர் கொட்டிய இடத்துப் புல்லைக் கொத்தி எடுத்தது. வேர் அறாத மண்ணுக்குக் கீழே பூவரசன் கிடந்தான். கருகி. மேலே இருந்த புல் ஒன்றுகூட வாடியிருக்கவில்லை.

தொண்டைக்குள் கரி இருந்ததால் உயிரோடுதான் எரிந்திருக்கிறான் என்றார் உடலை அறுத்துப் பார்த்த மருத்துவர். அருணகிரியும் மணிவேலும் எதிரே நின்றிருந்தார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டே மேலும் சொன்னார்.

"ஒடம்புல தீ பாதி அணைஞ்சு, மறுபடி பத்தியிருக்குதுங்க. யாரோ தண்ணி அடிச்சிருக்காங்க. நடுவுல நிறுத்தாம இருந்திருந்தா, ஆள் பொழைச்சிருப்பாரு."